பதினோரு மார்க்

6

ஐந்து மணிக்குள் ஜாஸ்மின் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கணக்குப் பரீட்சையின் வினாத்தாளை முன்கூட்டியே பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். அவள் காட்டவில்லை என்றுதான் வேதநாயகத்துக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக அதிரும். மேஜைமேல் இரண்டு கட்டு விடைத்தாள்கள் இருந்தன. இரண்டு நாளாக அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். சட்டைக் கை மடிப்பிலிருந்தும் ஜியாமெட்ரி பாக்ஸின் அடியிலிருந்தும் பிட்டை உருவி எடுத்த விரல்கள். இப்போது அந்த விரல்களுக்கு எதுவும் சிக்கவில்லை.

உதவியாளர் ஜுவேரியா எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு பளபளப்பான புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். திருவல்லிக்கேணிக்காரி. வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சின்ன வயதில் பயமுறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

"சார், இந்த கம்பெனிக்கார பிரசாத்து குடுத்த புக்க படிச்சீங்களா? அரசுப் பள்ளிகள், தனியார் பள்ளிகள், ரெண்டுலயும் முதலீட்டு வாய்ப்புகள். அடடா. பத்து வருஷம் நான் கிளாஸ்ல குந்திக்கினு இருந்தேன், அது சந்தைன்னு ஒருத்தரும் சொல்லல."

வேதநாயகம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கம். மனைவி இருந்த காலத்தில் அவளும் இப்படித்தான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

வழக்கு இதுதான். தி. நகரில் இருக்கும் உயர்படி லேர்னிங் என்ற கம்பெனி, டேப்லெட்டில் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருளை விற்கிறது. அடையாறில் ஒரு தனியார் பள்ளியை ஏற்கெனவே வாங்கிவிட்டது. அடுத்த குறி நானூறு அரசுப் பள்ளிகள். அதற்குப் பணம் போட வெளிநாட்டில் ஒரு கூட்டம் தயாராக இருந்தது. வெள்ளோட்டமாகப் பத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு ஆறு மாதம் டேப்லெட் கொடுத்தார்கள். கொடுக்குமுன் ஒரு பரீட்சை, கொடுத்த பின் ஒரு பரீட்சை, இரண்டும் ஐம்பது மார்க்குக்கு. ஒன்பது பள்ளிகளில் சராசரி பதினொன்றிலிருந்து இருபத்து நாலுக்கு ஏறியது. பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்பை ஒட்டியிருந்த பள்ளியில் மட்டும் பதினொன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்குத் தாவியது.

அந்தத் தாவலைப் பார்த்து முதலீட்டாளர்கள் மிரண்டுபோனார்கள். வினாத்தாள் வெளியே போயிருக்க வேண்டும் என்றார் கம்பெனி முதலாளி பிரசாத். வகுப்பு ஆசிரியை ஜாஸ்மின் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தாள். அந்தக் குடியிருப்பிலிருந்து தகுதித் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போன முதல் பெண். அவள் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு பள்ளியைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மற்ற ஒன்பதையும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம். மறுத்தால் போலீஸ் புகார். ஐந்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோவில் பேச்சுவார்த்தை. அதற்குள் வேதநாயகத்தின் அறிக்கையும் வந்தாக வேண்டும், அதுவும் அவர்களுக்கே நேராக. நடுநிலையான ஆள் சொன்னால்தான் நம்புவார்கள் என்று பிரசாத்தே ஒப்பந்தத்தில் அப்படிப் போட்டிருந்தார்.

நேற்று ஜாஸ்மினின் வீட்டுக்குப் போனபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். "முதல் பரீட்சை பேப்பர ஒருக்கா கண்ணுல காட்டுங்க சார். எங்க பசங்க பதினொண்ணு வாங்குற பசங்க இல்ல." விடைத்தாள்களை ஆசிரியையிடம் காட்டக் கூடாது என்பது பிரசாத்தின் நிபந்தனை. வேதநாயகம் காட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அது நெஞ்சில் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"ரெண்டாவது பரீட்சையில காப்பி இல்லை ஜுவேரியா," என்றார் இப்போது. "வினாத்தாள் முன்னாடியே கிடைச்சிருந்தா எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சிருப்பாங்க. ஒரே இடத்துல சறுக்கியிருப்பாங்க. இதுல முப்பத்து நாலு பேரும் முப்பத்து நாலு வழியில போயிருக்காங்க."

"அப்ப பொண்ணு ஜெயிச்சிது. கெளம்பலாம்."

"காப்பி அடிக்கலைங்கறதுக்கு ஆதாரம் கேப்பாங்க. பதினொண்ணு எப்படி நாப்பத்தொண்ணாச்சுன்னு கேப்பாங்க."

ஜுவேரியா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கட்டுகளையும் தன் பக்கம் இழுத்தாள். கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்ததே வேதநாயகத்தை நிமிர வைத்தது.

"சார், இந்த ஸ்கூலு பசங்க ஆறு மாசத்துல மதம் மாறிட்டாங்களா?"

"என்ன?"

"மேல பாருங்க. எங்க ஸ்கூல்ல நாங்க 786 போடுவோம். பக்கத்து பெஞ்சுல புள்ளையார் சுழி. ரெண்டாவது கட்டுல சின்னச் சின்னதா சிலுவ போட்டுக்கீது, எண்ணிட்டேன், இருபத்தாறு. அஞ்சுல புள்ளையார் சுழி. மூணு பேர் ஆண்டவன நம்பல. முதல் கட்டப் பாருங்க. முப்பத்து நாலும் புள்ளையாரு."

வேதநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். முப்பத்து நாலு தாள்களின் உச்சியிலும் ஒரு சின்ன 'உ', அதன் கீழே இரண்டு கோடு. ஜெபஸ்டின், ஆரோக்கியமேரி, அமல்ராஜ், எல்லார் பெயருக்கும் மேலே. அந்தக் கரைப் பிள்ளைகள் பரீட்சைத் தாளைத் தொட்டால் முதலில் சிலுவை போட்டுக்கொள்ளும். அவரும் அப்படி வளர்ந்தவர்தான். இரண்டு நாளாக இந்தத் தாள்களைப் பார்த்தும், பெயருக்கு மேலே அவர் கண் போகவே இல்லை.

"வெளிநாட்டுக்காரங்க ஸ்கேன்லதான் பார்த்தாங்க," என்றார் மெல்ல. "மார்ஜினுக்கு மேல இருக்கிறது அதுல வராது."

முதல் கட்டை எடுத்து முதல் தாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை விடைகளை அல்ல, தப்புகளை. 302இலிருந்து 148 போனால் 246. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. ஏழெட்டு ஐம்பத்து நாலு. ஒவ்வொன்றும் பிள்ளைகள் நிஜமாகவே செய்கிற தப்பு. ஆனால் ஒரு தாளில்கூட ஒரு கேள்வி விடப்படவில்லை. கணக்கு வராத பிள்ளை நாலாவது கேள்வியிலேயே பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும். தாளின் ஓரத்தில் படகு வரையும். இங்கே படகே இல்லை. முப்பத்து நாலு பேரும் கடைசிக் கேள்வி வரைக்கும் பொறுமையாகப் போட்டிருந்தார்கள், அதையும் தப்பாக.

"இது பிள்ளைங்க எழுதினது இல்லை," என்றார். "பிள்ளைங்க எங்கே தப்புப் பண்ணுவாங்கன்னு முப்பது வருஷம் நோட்டுத் திருத்தித் தெரிஞ்சுகிட்ட யாரோ எழுதினது."

ஜுவேரியா சாதப் பொட்டலத்தின் கீழே இருந்த பளபளப்புப் புத்தகத்தை உருவினாள். பதினாலாம் பக்கத்தில் காதோர நரையும் வைர மூக்குத்தியுமாக ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வினாத்தாள்களை உருவாக்குபவர், முப்பத்தொரு ஆண்டு கணித ஆசிரியை, சொர்ணம், மயிலாப்பூர். அதற்கு எதிர்ப்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம். மாணவரின் தற்போதைய நிலை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு பெரிது நமது வாய்ப்பு.

வேதநாயகம் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மூணு மணி ஆவப்போவுது. மௌன விரதத்த வண்டியில வெச்சிக்கலாம்."

*

வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில், மூன்றாவது கட்டடத்தின் முதல் மாடி. சொர்ணம் மாமி அப்போதுதான் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தாள். வினாத்தாள் விஷயமாக என்றதும் கதவை அகலத் திறந்தாள்.

"பிரசாத் அனுப்பிச்சாரா? வாங்கோ. ஆத்துல நான் மட்டுந்தான். காபி கலக்கறேன், பேசிண்டே குடிக்கலாம்."

"பரவாயில்லைங்க மாமி. ஒரு நிமிஷம் இதைப் பாருங்க." வேதநாயகம் ஒரே ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கோபமோ பயமோ வரும் என்று எதிர்பார்த்திருந்தார். மாமியின் முகம் மலர்ந்தது.

"தமிழ்நிலா. நான் எழுதினதுன்னா இது. இந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அதனால இவளுக்கு மட்டும் ரெண்டு மார்க் கூட வர மாதிரி எழுதினேன். பிரசாத்கிட்ட சொல்லிடாதேள்."

வேதநாயகம் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எத்தனை தாள் மாமி எழுதினீங்க?"

"பத்து ஸ்கூல். முந்நூத்தி இருபது இருக்கும். வலது கை, இடது கை, ரெண்டாலயும் எழுதினேன், கையெழுத்து மாறணுமோல்லியோ. கொழந்தைகள் எங்கெங்க தடுக்கி விழும்னு கம்ப்யூட்டருக்குக் காட்டணுமாம். அப்பத்தான் அது கைபிடிச்சுத் தூக்கி விடுமாம். நல்ல காரியந்தானே. முப்பத்தோரு வருஷம் பார்த்த தப்பெல்லாம் வீணாப் போகாம அதுல போய்ச் சேர்ந்துதேன்னு நேக்கு சந்தோஷம்."

"கம்ப்யூட்டருக்குக் காட்ட நிஜப் பிள்ளைங்க பேர் எதுக்கு?"

"நானும் கேட்டேன். நிஜப் பேரா இருந்தா நிஜமா இருக்கும்னார். லிஸ்ட் வாட்ஸ்அப்ல வந்தது. இருங்கோ." அவள் கைபேசியைத் தேடி எடுத்து, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "ஜூலை ஆறாம் தேதி. பிரசாத்தான்."

முதல் பரீட்சை நடந்தது ஜூலை இரண்டாம் தேதி. பிள்ளைகள் எழுதி, கம்பெனி ஆள் தாள்களைக் கட்டி எடுத்துப்போன நாலாவது நாள். வேதநாயகம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்ததாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. ஜுவேரியா அவரைப் பார்த்தாள். நான் சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை. அவர் சரி என்று தலையசைத்தார்.

"மாமி, நீங்க எழுதின பேப்பரத்தான் அந்தப் பசங்க எழுதின பேப்பர்னு சொல்லி வித்துக்கினு இருக்காங்க. பசங்க நிஜமா எழுதினது காணோம். நீங்க போட்ட பதினொண்ணுதான் அவங்க மார்க்கு. டேப்லெட் குடுத்தவுடனே புத்திசாலி ஆயிட்டாங்கன்னு கணக்கு. ஒரு ஸ்கூல்ல பசங்க நிஜமாவே நல்லா படிக்கிறவங்க. அதனால அந்த டீச்சர் மேல திருட்டுப் பட்டம்."

மாமி உட்கார்ந்தாள். தமிழ்நிலாவின் தாளைத் தன் பக்கம் திருப்பி, தன் கையாலேயே எழுதிய ஏழெட்டு ஐம்பத்து நாலைப் பார்த்தாள். கீழே சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனது. சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது.

"நான் ஒரு கொழந்தையக்கூட ஃபெயில் பண்ணினதில்ல," என்றாள் கடைசியில். "திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்துப் பாஸ் பண்ண வெச்சிருக்கேன். இங்க ஒரே மாசத்துல முந்நூத்தி இருபது பேர்."

வேதநாயகம் தாளை எடுத்துக் கட்டோடு சேர்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?"

"அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டா போயிடும். போடலைன்னா கேஸ்."

மாமி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது செருப்பு மாட்டியிருந்தாள். "ஆட்டோ கூப்பிடுங்கோ."

"ஸ்கூட்டர்லயே போலாம் மாமி, சீக்கிரம் போவும்," என்றாள் ஜுவேரியா. "சார நடந்து வரச் சொல்லலாம். எப்படியும் பேச மாட்டாரு, தொணைக்கு ஆளு வேணாம்."

மாமி சிரிக்கவில்லை. ஆட்டோவில்தான் போனார்கள். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. அவள் மடியில் கைபேசியைத் தலைகீழாக வைத்துப் பிடித்திருந்தாள். அதைப் பறித்துவிட யாரோ வருவதுபோல.

*

தி. நகரில் ஜி.என். செட்டி சாலையை ஒட்டிய தெரு, மூன்றாவது மாடி. அவர்கள் நுழைந்தபோது நாலு முப்பத்தைந்து. கண்ணாடி அறையில் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். எதிரே டைப் செய்த கடிதம், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. பிரசாத் நின்றுகொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கெட்ட மனிதன் போலத் தெரியாத முகம். வேதநாயகத்தை எப்போதும் கலங்கடிப்பது அந்த மாதிரி முகங்கள்தான்.

"அடையாறு ஸ்கூல்ல அடுத்த ஜூன்லயே வேலை. இப்ப வாங்குறதவிட அதிகம். உங்களுக்கு நான் கெடுதல் நினைக்கல மேடம்," என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கதவு திறந்ததும் திரும்பினார். "வாங்க சார். ரிப்போர்ட் ரெடியா? மாமி, நீங்க எங்க இங்க?"

"ஆமா பிரசாத், வந்தேன்," என்றாள் மாமி. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

வேதநாயகம் முதல் கட்டை அவிழ்த்து ஜாஸ்மின் முன்னால் வைத்தார். நேற்றே செய்திருக்க வேண்டிய காரியம்.

"சார், இத டீச்சர்கிட்ட காட்டக் கூடாதுன்னு..."

"தெரியும்."

ஜாஸ்மின் மூன்று தாள்தான் புரட்டினாள். "யாரு இத எழுதினது? அமலு எட்ட ரெண்டு முட்டையா ஒட்டிப் போடுவான். இது இன்னாது, அச்சடிச்ச மாதிரி கீது." வகுப்பில் பேசுகிற தமிழ் அவளை விட்டுப் போயிருந்தது. "சார், இது எம் பசங்க இல்ல."

"நான் எழுதினதும்மா," என்றாள் மாமி.

பிரசாத் ஒரு விநாடிதான் தடுமாறினார். "ஓ, மை காட். சாம்பிள் டேட்டா. ஃபைல் மாறிப்போயிருக்கு. மாமி மென்பொருளுக்காக எழுதிக் குடுத்த சாம்பிள் பேப்பர். எங்க டீம் தப்பா..."

"சரிங்க," என்றார் வேதநாயகம். "ஒரிஜினல் கட்டைக் கொடுங்க. மாத்தி வெச்சிடலாம்."

பிரசாத் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"பத்து பள்ளிக்கூடத்து ஒரிஜினலும் மாறிப்போச்சா? பரீட்சை முடிஞ்ச நாலாவது நாள் பேர் லிஸ்ட்டை மாமிக்கு அனுப்பினது நீங்க. மாமி போன்ல இருக்கு. இன்னும் இருபது நிமிஷத்துல என் அறிக்கை அவங்களுக்குப் போகும். உங்க ஒப்பந்தம்."

"யாருக்கும் நஷ்டம் இல்லையே சார்." பிரசாத்தின் குரல் இறங்கியிருந்தது. "டேப்லெட் வேலை செய்யுது. சத்தியமா செய்யுது. ஆனா, ஒரு பேச்சுக்கு, இருபது மார்க்குலேர்ந்து இருபத்து நாலுன்னு சொன்னா எவனும் பணம் போட மாட்டான். தாவினாத்தான் போடுவான். பணம் வந்தாத்தானே நானூறு ஸ்கூலுக்கு இது போய்ச் சேரும்? நீங்க இப்ப இத நிறுத்தினா அந்தப் பசங்களுக்கு இதுகூடக் கிடைக்காது." அவர் ஜாஸ்மினைப் பார்த்தார். "உங்க பசங்களுக்கும்தான் மேடம்."

பொய்யாக இருந்திருந்தால் வேதநாயகம் உடனே பதில் சொல்லியிருப்பார். முழுப் பொய்யாக இல்லாததுதான் அவரைத் தடுத்தது. ஜுவேரியாவிடமும் இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"சார்," என்றாள் ஜாஸ்மின் பிரசாத்திடம். "எங்க பசங்க நிஜமா எழுதின பேப்பர நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எவ்ளோ எடுத்திருந்தாங்க?"

பிரசாத் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஞாபகம் வராமல் தேடுகிற முகத்தையும், ஞாபகம் இருப்பதைச் சொல்ல முடியாத முகத்தையும் வேதநாயகம் எத்தனையோ பரீட்சை அறைகளில் பார்த்திருக்கிறார். இது இரண்டாவது வகை.

"சராசரி முப்பத்தெட்டு."

"ஆறு மாசம் டேப்லெட்டுல மூணு மார்க்கு," என்று ஜுவேரியா தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். "மிச்சம் முப்பத்தெட்டும் இந்த டீச்சரம்மா."

ஜாஸ்மின் அழவில்லை. அந்தக் கடிதத்தைக் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, பேனாவோடு மேஜையின் மறுபக்கத்துக்குத் தள்ளினாள்.

"அத எழுதிக் குடுங்க."

"மேடம்..."

"முப்பத்தெட்டு. முதல் பரீட்சை. நான் யாருக்கும் பேப்பர் காட்டல. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பிரசாத் வேதநாயகத்தைப் பார்த்தார். வேதநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். அறிக்கை போவதற்குள் தானே ஒப்புக்கொண்டால் கொஞ்சமாவது மிஞ்சும் என்று அந்த மனிதர் கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு உட்கார்ந்தார். நாலு வரி எழுதக் கால் பக்கம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார்.

ஜாஸ்மின் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள். அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியதை வேதநாயகம் கவனித்தார். கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான் மாமி கேட்டாள்.

"மத்த ஒம்பது ஸ்கூல் பசங்க எவ்வளவு வாங்கினா, பிரசாத்?"

"தெரியாது மாமி."

"பார்த்தேன்னியே."

"இவங்க ஸ்கூல் கட்டு மேல இருந்தது. அதப் பார்த்ததும் பயந்துட்டேன். மத்தத பிரிக்கவே இல்ல. அப்படியே கிழிக்கிற மெஷின்ல போடச் சொல்லிட்டேன்."

மாமி வாய்க்குள் ஏதோ சொன்னாள். பக்கத்திலிருந்த வேதநாயகத்துக்கு மட்டும் கேட்டது. பெயர்கள். தான் தப்பாக எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். ஜாஸ்மின் அங்கேயே நின்றிருந்தாள். தன் வேலையைக் காப்பாற்றும் காகிதம் அவள் பையில் இருந்தது. லிஃப்ட் எதிரிலேயே இருந்தது. அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து பிரசாத்துக்கு எதிரே இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, காகிதத்தை மறுபடியும் மேஜைமேல் விரித்தாள்.

"கிழிச்சதையும் எழுதுங்க சார்," என்றாள்.